நாங்கள் பொம்மர் என்று சொன்னது

மகன், வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ போகிறாய். அதற்கு முதல் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று குசினி மேசையில் இருக்கிறேன். அப்பா படுத்துவிட்டார். நீ மேலே உன் அறையில் இருக்கிறாய். நடமாடுகிற சத்தம் கேட்கிறது. போன சனிக்கிழமைக்குப் பிறகு நீயும் நானும் கதவுத் திறப்பு எங்கே, பால் முடிந்துவிட்டதா என்பதற்கு மேல் பேசவில்லை. வாயால் தொடங்கினால் எனக்குக் குரல் உயரும், நீ இங்கிலிஷுக்கு மாறுவாய். இங்கிலிஷில் நீ எப்போதும் என்னை வென்றுவிடுவாய். ஆகவே தமிழில் எழுதுகிறேன். சனிக்கிழமைகளில் அழுதழுது தமிழ்ப் பள்ளிக்கூடம் போய்ப் படித்தாயே, அந்தப் படிப்பு இதற்காவது உதவட்டும். ஒரு பிரதி உனக்கு, ஒரு பிரதி இங்கே எங்கள் ஆட்கள் நடத்தும் பத்திரிகைக்கு. முகம் தெரியாத ஆட்கள் எங்கள் வீட்டுக் கதையை ஏன் வாசிக்க வேண்டும் என்று உனக்குக் கோபம் வரும். அந்தக் கேள்வியை நீ ஒரு மண்டபத்தில் மைக்கைப் பிடிப்பதற்கு முதல் உன்னிடமே கேட்டிருக்கலாம்.

நான் அறிந்த விதத்தையும் நீ அறிந்துகொள்ள வேண்டும். போன வெள்ளிக்கிழமை லூயிஷாம் கோயிலில், பூசை முடிந்து சப்பாத்து எடுக்கிற இடத்தில், சாந்தி அக்கா என் இரண்டு கையையும் பிடித்தார். அவருடைய மகள் நீ முன்பு பயிற்சி எடுத்த அதே விமானப்படைக் கடேட் அணியில் இருக்கிறாள் என்பது உனக்குத் தெரியும்.

"பிள்ளை, உம்மடை மகன் கதைச்சதைக் கேட்டு நான் அழுதே போட்டன்."

"எங்கை கதைச்சவன் அக்கா?"

"என்ன, தெரியாத மாதிரிக் கேக்கிறீர். கடேட் விழாவிலைதான். பழைய மாணவன், இப்ப விமானப்படைக்குப் பைலட்டா எடுபட்டிருக்கிறான் எண்டு சொல்லி மேடைக்குக் கூப்பிட்டவங்கள். உம்மைக் காணேல்லை, வேலையாக்கும் எண்டு நினைச்சன். உம்மடை சகோதரத்தின்ரை படத்தைப் பெரிசாத் திரையிலை போட்டு, பொம்மர் வந்து குண்டு போட்ட கதை முழுக்கச் சொன்னவன். அண்டைக்கு அந்தப் பொம்மரை விழுத்த ஆகாயத்திலை ஒருத்தரும் இருக்கேல்லை, அதாலைதான் நான் பைட்டர் பைலட்டாகிறன் எண்டு முடிச்சான். வெள்ளைக்காரர் எல்லாம் எழும்பி நிண்டு கைதட்டினவை. எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சது."

நான் சப்பாத்துக்குள் காலை விட்டேன். கால் போகவில்லை. பிறகு பார்த்தால் அது வேறு யாருடையதோ.

"வடிவான பெடியன், பாவம்," என்றார் சாந்தி அக்கா. "அவன்ரை தோளிலை ஒரு சின்னக் கை தெரிஞ்சுது. அது ஆர்?"

"தெரியாது அக்கா," என்றேன்.

அந்த விழா நாளில் நீ எனக்குச் சொல்லிப் போனது, கம்பஸில் புரொஜெக்ட் காட்டுகிற நாள் என்று. உன் சேட்டை நான்தான் அயர்ன் பண்ணித் தந்தேன்.

அந்தப் படத்தைப் பற்றி உனக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. என் தம்பிக்கு வேறு படம் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்டூடியோவில், அவன் ஆடிக்கொண்டே இருந்தபடியால், படம் எடுப்பவர் என்னைப் பார்த்து, "பிள்ளை, தோளைப் பிடிச்சுக்கொள்ளும்" என்றார். நான் பிடித்தேன். அவனுக்கு ஏழு, எனக்கு ஒன்பது. சண்டைக்குள் ஊரை விட்டு எல்லோரும் நடந்தபோது என் அம்மா அதைப் பொலித்தீன் பையில் சுற்றித் தன் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தா. எனக்குக் கல்யாணமாகி லண்டன் வருகிறபோது என்னிடம் தந்தா. நீ என் அலுமாரியைத் திறந்து, அதைப் போனில் படமெடுத்து, பிறகு விரலால் ஓரத்தைத் தள்ளி என்னை வெளியே விட்டிருக்கிறாய். கதைக்கு அவன் தனியாக நிற்பதுதான் நல்லாக இருக்கும் என்று நினைத்திருப்பாய். கையை மட்டும் வெட்ட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் கேட்டேன். பஸ் யூனிபோர்மைக்கூட அவர் மாற்றவில்லை. தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சருங்கோ, உங்களுக்குத் தெரியுமோ?"

அவர் கேத்தலைப் பார்த்துக்கொண்டு, "தெரியும்," என்றார்.

"எப்பவிலையிருந்து?"

"அவன் அப்ளை பண்ணேக்கையே."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உமக்குச் சொன்னா நீர் விடமாட்டீர்."

"விடமாட்டன் எண்டு தெரிஞ்சுதான் சொல்லேல்லையோ?"

"ஓம்," என்றார். கேத்தலை அணைத்துவிட்டு, "அவன் என்னட்டைச் சத்தியம் வாங்கிப் போட்டான்," என்றார்.

உன் அப்பா பொய் சொல்லத் தெரியாத மனிதர். இத்தனை மாதம் அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று நினைத்தால் அதற்கும் எனக்குக் கோபம் வருகிறது. கல்யாணங்கட்டி வந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நின்றுதான் எல்லாவற்றையும் தாண்டினோம். நீ நேர்சரிக்குப் போன காலத்தில் நான் கல்லூரிக்குப் போனேன், அவர் இரவு ஷிப்ட் முடித்து வந்து உனக்குச் சீப்பால் தலை இழுத்துவிடுவார். அவரை நீ உன் பக்கம் எடுத்துவிட்டாய். உனக்கும் ஒருநாள் ஒருத்தி வருவாள். உன் பிள்ளை உன்னிடம் வந்து அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்கும். கேட்கும்போது இனிமையாகத்தான் இருக்கும். தெரிவுசெய்யப்பட்ட மாதிரி இருக்கும். மாட்டேன் என்று சொல். மேசையில் மூன்று பேர் இருந்து சாப்பிட, இரண்டு பேருக்கு மட்டும் ஒன்று தெரிந்திருப்பது எப்படி இருக்கும் என்பது பிறகொருநாள்தான் மூன்றாவது ஆளுக்கு விளங்கும். விளங்கும்போது சாப்பிட்ட எல்லாச் சாப்பாடும் ஞாபகம் வரும்.

உனக்கு இந்தப் பித்து எப்போது பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். பத்து வயது இருக்கும். லைப்ரரியிலிருந்து ஒரு தடித்த புத்தகம் கொண்டுவந்தாய், உலகப் போரில் சண்டை விமானம் ஓட்டியவர்களைப் பற்றியது. ஐந்து விமானத்தை விழுத்தினால் ஏஸ் என்று பட்டம். வாழ்க்கை முழுவதும் பறந்து ஐந்து விழுத்தினவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் ஐந்து விழுத்தினவர்களும் இருக்கிறார்கள். உனக்கு அந்த ஒரே நாள்காரர்தான் வேண்டும். விடியப் பறந்து இரண்டு, இறங்கி, குண்டு நிரப்பி, பாண் ஒரு துண்டு கடித்துக்கொண்டு மீண்டும் ஏறி மூன்று. "அம்மா, ஒரே நாளிலை. லஞ்ச் பிரேக்கோட." சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி அவர்களுடைய பெயர்களை எழுதினாய். அப்பா வேலையால் வந்து, "நானும் இண்டைக்கு பிரிக்ஸ்டன் ரோட்டிலை அஞ்சு பஸ்ஸை ஓவர்டேக் பண்ணினனான், என்ரை பேரையும் போடு," என்பார். நீ சிரிக்கமாட்டாய். "அப்பா, விற்னஸ் இருக்கோ?" என்று கேட்பாய்.

அது எனக்குப் பிடித்திருந்தது. பைலட் தானாக வந்து நான் விழுத்தினேன் என்றால் கணக்கில் எடுக்கமாட்டார்களாம். இன்னொருவர் கண்ணால் கண்டிருக்க வேண்டும். காணாவிட்டால், விழுந்திருக்கலாம் என்று மட்டும் எழுதுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து சுட்டால் ஆளுக்கு அரை. மரக்கறி வெட்டிக்கொண்டு இதையெல்லாம் கேட்டேன். ஒருநாள், "அதுக்குள்ளை எத்தினை பேர் இருந்தவை?" என்று கேட்டேன்.

"எதுக்குள்ளை?"

"விழுந்ததுக்குள்ளை."

"பொம்மர் எண்டால் நாலைஞ்சு பேர். பைட்டர் எண்டால் ஒராள். ஆனா கவுண்ட் பண்ணுறது பிளேனைத்தான் அம்மா, ஆக்களை இல்லை."

நான் அதற்கு மேல் கேட்கவில்லை. எனக்கும் அந்தக் கணக்குத் தெரியாததில்லை. சின்ன வயதில் ஒரு விமானம் விழுந்துவிட்டது என்று எங்கள் தெரு ஒழுங்கை முழுவதும் கத்திக்கொண்டு ஓடிய பிள்ளைகளில் நானும் ஒருத்தி. உள்ளே யார் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் கோடையில் டூட்டிங் பெரிய புல்வெளியில் நாங்கள் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? வெயில் நாளில் பழைய போர் விமானம் ஒன்றைக் காட்சிக்காகப் பறக்கவிட்டார்கள். அந்த இரைச்சல் தலைக்கு மேலே வந்ததும் நான் உன்னை இழுத்து, நாங்கள் இருந்த மரவாங்கிலுக்குக் கீழே போட்டு உனக்கு மேலே விழுந்தேன். ஐஸ்கிரீம் எல்லாம் மண். "பொம்மர்," என்றேன். என் வாயிலிருந்து வந்தது அந்தச் சொல்தான். சுற்றியிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நீ தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, அது பொம்மர் இல்லை. பைட்டர். பொம்மரை விழுத்துறது," என்றாய். நான் எழும்பிப் புல்லைத் தட்டினேன். வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டாய்.

"உங்கடை ஊரிலை பைட்டர் இருக்கேல்லையா?"

"எங்கடை பக்கம் ஒண்டும் இல்லை."

"அப்ப ஆர் பொம்மரை நிப்பாட்டினது?"

"ஒருத்தரும் இல்லை."

பிறகு, "நான் இருந்திருந்தா அஞ்சையும் விழுத்தியிருப்பன்," என்றாய். நான் நடுத்தெருவில் நின்று உன் தலையில் கொஞ்சினேன். அன்றுதான் முதல்முறை மாமாவின் கதையை உனக்குச் சொன்னேன். அவன் நாங்கள் பதுங்குகிற பங்கர் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான், குண்டு விழுந்தது என்று மட்டும். ஒருமுறைதான் சொன்னேன். எங்கள் ஆட்கள் எல்லாரும் பெற்ற மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார்கள். நான் உன்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்பதை நீ கவனித்திருப்பாய் என்று நினைக்கிறேன்.

கடேட்டில் சேர வேண்டும் என்று நீ நின்றபோது, நான் வேண்டாம் என்றேன். நீ என் கையைப் பிடித்து, "பறந்து பார்க்கிறது மட்டும்தான் அம்மா. உங்களுக்குத் தெரியாம ஒண்டும் செய்யமாட்டன், ப்ரொமிஸ்," என்றாய். நான் கையெழுத்துப் போட்டேன். பூட்ஸ் மினுக்கப் பழக்கினேன். உன்னை நம்பினேன் என்று எழுதினால் பெரிய வார்த்தையாக இருக்கிறது. அதைப் பற்றி நான் யோசிக்கவேயில்லை. உண்மையான நம்பிக்கை அப்படித்தான் இருக்கும் போல.

இனிச் சனிக்கிழமைக்கு வருகிறேன். நான் கத்தியது உனக்கு ஞாபகமிருக்கும். அதற்கு மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீ கதிரையில் நேராக இருந்து, இன்டர்வியூவுக்கு இருந்த மாதிரி, "அம்மா, ஐ வாஸ் கோயிங் டு டெல் யூ," என்றாய். பிறகு, "நான் பொம்மர் ஓட்டப் போகேல்லை. அதை நிப்பாட்டுறவனாப் போறன். உங்களுக்காகத்தான் போறன். மாமாவுக்காக," என்றாய். எனக்காக என்ற சொல்லைக் கேட்டதும் கத்துகிறதை விட்டுவிட்டேன்.

"அண்டைக்கு வந்தது எப்பிடி இருந்தது எண்டு என்னட்டை எப்பவாவது கேட்டனியோ?" என்றேன்.

"பொம்மர்தானே."

"எப்பிடி இருந்தது எண்டு கேளன்."

"எப்பிடி இருந்தது?"

"சின்னன். மூக்குக் கூர். இரண்டு பக்கச் செட்டையும் முக்கோணமாப் பின்பக்கம் சாய்ஞ்சிருந்தது. அது போன பிறகுதான் முழுச் சத்தமும் வந்தது. முன்னுக்கு ஒரு கண்ணாடி, அதுக்குள்ளை ஒராள்."

"ஒராளா?"

"ஒராள்தான்."

உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து வயதிலிருந்து நிழலைப் பார்த்தே விமானத்தின் பெயர் சொல்கிறவன் நீ. உனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை மறைக்கத் தெரியாத முகம் உனக்கு, அது அப்பாவுடையது. "அது... தட்ஸ் எ பைட்டர், அம்மா," என்றாய் மெல்லமாக. "அடியிலை குண்டு கட்டிப் பாவிப்பினம்."

"பைட்டரோ?" என்றேன்.

"நீங்கள் எப்பவும் பொம்மர் எண்டுதானே சொன்னனீங்கள்."

எங்கள் பக்கம் ஆகாயத்தில் வந்து குண்டு போட்ட எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான். பாரமாக, மெதுவாக வந்து தள்ளிவிட்டுப் போனதும் பொம்மர், கிழித்துக்கொண்டு வந்து போனதும் பொம்மர். அது என்ன செய்தது என்பதை வைத்து நாங்கள் பெயர் சொன்னோம்; உன் புத்தகம் அதை எதற்காகக் கட்டினார்கள் என்பதை வைத்துப் பெயர் சொன்னது. அந்த இரண்டு பெயருக்கும் நடுவில் நீ உன் வாழ்க்கையைக் கட்டிவிட்டாய். பொம்மர் கெட்டவன், பைட்டர் அவனை விழுத்துகிறவன். நான் அதைத் திருத்தவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. உள்ளே ஒராள் இருந்ததைச் சொல்லத்தான் நான் தொடங்கினேன், அது பைட்டர் என்பது நீ சனிக்கிழமை சொன்னபோதுதான் எனக்கும் தெரியும். என் தம்பியைக் கொன்றது உன் சுவரில் பெயர் இருந்தவர்கள் ஓட்டிய விமானத்தின் பிள்ளை மாதிரியான ஒன்று என்பதை நான் என் குசினியில், உன் வாயால் அறிந்தேன். என் சொல்லே என்னை ஏமாற்றிவிட்டது. நீ கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "இட்ஸ் நொட் த சேம்," என்று சொல்லி மேலே போனாய். அதற்குப் பிறகு திறப்பும் பாலும்தான்.

நான் அந்தப் பழைய பைலட்மாரைக் குறைத்துச் சொல்வதாக நினைக்காதே. இதே டூட்டிங்குக்கு மேலே, உன் வயதுப் பெடியன்கள், ஒருநாளில் எத்தனை முறை ஏறி எத்தனை முறை இறங்கி, இந்த வீடுகளைக் காப்பாற்றினார்கள். அந்த வீடுகளில் ஒன்றில்தான் நாங்கள் வாடகைக்கு வந்தோம். அவர்கள் நின்றது தங்கள் வீட்டுக்கு மேலே. உன்னை எந்த வீட்டுக்கு மேலே நிற்க விடுவார்கள் என்று நீ யாரிடமாவது கேட்டாயா? கேட்கிற வேலை இல்லை அது. அனுப்புகிற இடத்துக்குப் போகிற வேலை. எனக்குப் பயம். நீ விழுந்துவிடுவாய் என்று ஒரு பயம் இருக்கிறது, அது எந்தத் தாய்க்கும் இருக்கும். மற்றப் பயத்தைச் சொல்ல எனக்கு வாய் வருகிறதில்லை. நீ விழாமல், நல்லபடியாகத் திரும்பி வந்து, சாப்பிட்டுவிட்டு நித்திரை கொள்வாயே, அந்தப் பயம்.

நீ மண்டபத்தில் சொன்ன கதைக்கு ஒரு சாட்சி இருக்கிறாள். அவளைக் கேட்காமல் சொன்னபடியால், உன் புத்தகத்தின் முறைப்படியே அது கணக்கில் வராது. அவள் கண்டதை இப்போது எழுதுகிறேன். உன் அம்மம்மாவுக்கும் சொல்லவில்லை. அப்பாவுக்கும் தெரியாது.

அது முதல்முறை எங்களுக்கு மேலால் சும்மா போனது. மிகவும் பதிவாக, மரங்களுக்குச் சற்று மேலே. எல்லோரும் பங்கருக்குள் இருந்தோம், அவன் மட்டும் வாசலில். நான் உள்ளே இருந்து அவனுடைய சேட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு விமானம் என்றால் உயிர். சத்தத்தைக் கேட்டே இது அது என்று சொல்லுவான். அது போன பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அக்கா, உள்ளுக்கை ஒராள் இருக்கிறார். வெள்ளைத் தொப்பி. நான் கை காட்டினனான்," என்றான். அவ்வளவு சந்தோசம் அந்த முகத்தில். "அவர் என்னைக் கண்டவர் அக்கா." பிறகு அது திரும்பி வருகிற சத்தம் கேட்டது. இன்னொருமுறை கை காட்டுவதற்காக அவன் வெளியே ஓடினான். சேட்டு என் கையிலிருந்து நழுவிவிட்டது.

அந்த ஆள் கண்டானா, காணவில்லையா என்று எனக்குத் தெரியாது. அந்த வேகத்தில் காண முடியுமா என்று உனக்குத் தெரிந்திருக்கும், எனக்குச் சொல்லாதே. அவனுக்கும் எங்கேயோ ஓர் அம்மா இருந்திருப்பா. அன்று பின்னேரம் அவன் சாப்பிட்டிருப்பான்.

இதை வைத்துக்கொண்டு நீ என்ன செய்யவேண்டும் என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் அளவுக்கு உயரமான ஒருவனை அறைக்குள் வைத்துப் பூட்டவும் ஏலாது. போகத்தான் போகிறாய் என்றால் இதைத் தெரிந்துகொண்டு போ. போகவில்லை என்றால் எனக்காக என்று சொல்லாதே. அந்தச் சொல்லை இனி என்னால் தாங்க ஏலாது. ஞாயிறு காலை அப்பா காரை எடுப்பார், அல்லது எடுக்கமாட்டார். நான் சமைக்கிற நேரத்துக்கு எழும்பி இங்கேதான் இருப்பேன். எந்த முடிவு என்றாலும், இறங்கி வந்து, அப்பாவுக்கு முதல் எனக்குச் சொல்.

அம்மா